இரண்டு பெயிண்ட் வாளியும் ஒரு மேட்ரிக்ஸும்: நவீன கட்டுப்பாட்டியல் பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் முதல்முறை நவீன கட்டுப்பாட்டியல் (ஓர் அமைப்பை நாம் நினைத்த நிலைக்குக் கொண்டுபோகிற கணிதம்) பாடம் எடுத்தபோது, முதல் மணி நேரத்திலேயே கரும்பலகையில் ஸ்டேட் சமன்பாட்டை எழுதிவிட்டேன். எக்ஸ் டாட் சமம் ஏ எக்ஸ் கூட்டல் பி யூ. பிள்ளைகள் அழகாக எழுதிக்கொண்டார்கள். தேர்விலும் நன்றாகவே எழுதினார்கள். செமஸ்டர் முடிவில் வைவாவுக்கு வந்த வெளித்தேர்வாளர் ஒரு பையனைக் கூப்பிட்டு, "ஸ்டேட்னா என்னப்பா?" என்று கேட்டார். "எக்ஸ், சார்" என்றான். அவன் வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவன். தப்பு என்மேல்தான்.

அதற்குப் பிறகு பாடத்தின் வரிசையை மாற்றிவிட்டேன். இப்போது என் வகுப்பில் மேட்ரிக்ஸ் வருவது மூன்றாவது வாரத்தில். அதற்கு முன்னால் தண்ணீர், பஸ், ஃப்ரிட்ஜ் எல்லாம் வந்துவிடும். ரூட் லோகஸ், போடே வரைபடம் என்ற பழைய வரைபட முறைகளையெல்லாம் முந்தைய பாடத்தில் முடித்துவிட்டு வரும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

வகுப்புக்கு முன்: கடைத்தெருவில் ஒரு மணி நேரம்

20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு வேண்டும். கட்டட வேலை நடக்கிற இடத்தில் காலி வாளி சும்மாவே கிடைக்கும். ஹார்டுவேர் கடையில் அரை இஞ்ச் டேங்க் நிப்பிள் இரண்டு, பால் வால்வு இரண்டு, ஒரு டீ ஜாயின்ட், டெஃப்லான் டேப். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி போன்ற லெவல் டியூப் இரண்டு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். வாளியின் அடியில் ஓட்டை போட்டு, டியூபைச் செருகி, வெளிப்பக்கம் செங்குத்தாக நிறுத்தி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டினால் தண்ணீர் மட்டம் பின் பெஞ்சுக்கும் தெரியும். தண்ணீரில் கொஞ்சம் நீலம் கலந்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

பம்புக்கு 12 வோல்ட் டிசி பம்பே போதும். ஏர்கூலர் பம்ப் மலிவுதான், ஆனால் அதன் வேகத்தை நினைத்தபடி மாற்ற முடியாது. 230 வோல்ட்டையும் தண்ணீரையும் பிள்ளைகள் கையில் ஒன்றாகக் கொடுப்பதும் நல்லதில்லை. சென்சர், அர்டுயினோ எல்லாம் அப்புறம். முதல் இரண்டு வாரம் கண்ணும் கைக்கடிகாரமும் போதும்.

படி 1: ஸ்டேட் என்று சொல்லாமல் ஸ்டேட்டைக் கேளுங்கள்

முதல் நாள் கேள்வி இது: "கிருஷ்ணகிரி பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்ல, உங்களுக்கு இப்போது என்னென்ன தெரிய வேண்டும்?" எங்கே கிளம்பியது, டிரைவர் யார், காவேரிப்பட்டணத்தில் டீ குடிக்க நின்றதா என்று பதில்கள் வரும். எல்லாவற்றையும் பலகையில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றாக, "இது தெரியாவிட்டால் சொல்லவே முடியாதா?" என்று கேட்டு அடித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் இரண்டு மிஞ்சும்: இப்போது எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் வருகிறது. இனி டிரைவர் ஆக்சிலரேட்டரை எப்படி மிதிக்கப் போகிறார் என்பது உள்ளீடு. டீ குடிக்க நின்ற கதையெல்லாம் "எங்கே இருக்கிறது" என்ற ஒரு எண்ணுக்குள் அடங்கிவிட்டது. கடந்த காலம் முழுவதையும் சுருக்கி இந்த நொடியில் கையில் பிடிக்கிற எண்கள்தான் ஸ்டேட்.

அடுத்த கேள்வி வீட்டு மாடித் தொட்டி. எத்தனை எண் வேண்டும்? ஒன்று, மட்டம் மட்டும். எல்லாரும் சரியாகச் சொல்வார்கள். அந்தத் தெம்பு வந்த பிறகு கொக்கியைப் போடுங்கள். "தொட்டியில் தானியங்கி லெவல் கன்ட்ரோலர் இருக்கிறது. மட்டம் பாதி. மோட்டார் ஓடுகிறதா, நின்றிருக்கிறதா?"

வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். பாதி மட்டம் என்பது நிறைந்துகொண்டு வரும்போதும் வரும், காலியாகிக்கொண்டு போகும்போதும் வரும். மட்டம் மட்டும் போதாது. மோட்டார் கடைசியாக எந்தப் பக்கம் மாறியது என்பதும் தெரிய வேண்டும். அதாவது கன்ட்ரோலருக்கும் ஒரு நினைவு இருக்கிறது, அதுவும் ஸ்டேட்டில் சேரும். ஃப்ரிட்ஜின் தெர்மோஸ்டாட்டும் இதே கதைதான். இந்த ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் போனாலும் அவசரப்படாதீர்கள். பின்னால் இன்டெக்ரல் கன்ட்ரோலர் (விலகலைக் கூட்டிக்கொண்டே வருவது) ஒரு புது ஸ்டேட்டைச் சேர்க்கிறது என்று சொல்லும்போது, "ஆமாம், அந்த லெவல் கன்ட்ரோலர் மாதிரி" என்று அவர்களே சொல்வார்கள்.

படி 2: அளந்துவிட்டுச் சமன்பாடு

ஒரு வாளியில் 20 சென்டிமீட்டர் தண்ணீர். உயரத்தைக் குழாய் வாய் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும், வாளியின் அடியிலிருந்து அல்ல. குழாயைத் திறந்து விடுங்கள். 20-லிருந்து 10-க்கு இறங்க எவ்வளவு நேரம், 10-லிருந்து 5-க்கு எவ்வளவு நேரம் என்று பிள்ளைகள் குறிக்கட்டும். ஆனால் திறப்பதற்கு முன்னால் பந்தயம் கட்டச் சொல்லுங்கள்.

முந்தைய பாடத்தில் நேர மாறிலி படித்தவர்கள், பாதியாகக் குறைய எப்போதும் ஒரே நேரம்தான் ஆகும், இரண்டும் சமம் என்பார்கள். அளந்து பார்த்தால் இரண்டாவது நேரம் முதலாவதில் ஏறக்குறைய 0.7 பங்குதான் வரும். காரணம், வெளியே போகும் வேகம் மட்டத்துக்கு நேர்விகிதத்தில் இல்லை, மட்டத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. 20-லிருந்து 5-க்கு வரும் நேரமும் 5-லிருந்து சுழியத்துக்கு வரும் நேரமும் கணக்குப்படி சமம். கடைசிச் சொட்டுகளில் குழாய் அடம்பிடிப்பதால் அதை மட்டும் அளந்து காட்டாதீர்கள்.

பாடப்புத்தகச் சமன்பாடு பொய் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். நல்லது. இப்போது லீனியரைசேஷன் (வளைகோட்டின் ஒரு சிறு பகுதியை நேர்க்கோடாக எடுத்துக்கொள்வது) என்ற சொல்லைக் கொண்டுவரலாம்: "மட்டத்தை 10 சென்டிமீட்டரில் வைத்துக்கொண்டு, மேலே கீழே இரண்டு சென்டிமீட்டருக்குள் ஆடினால் நேர்க்கோடு போதும். அதைத் தாண்டினால் நான் பொறுப்பில்லை." இந்த நிபந்தனையைச் சொல்லாமல் லீனியர் மாடலைக் கொடுத்தால், பின்னால் ஆய்வகத்தில் விடை பொருந்தாதபோது பிள்ளைகள் தங்கள்மேல் சந்தேகப்படுவார்கள்.

அப்புறம் வாளிகளை அடுக்குங்கள். மேல் வாளியின் குழாய் கீழ் வாளிக்குள் ஊற்ற வேண்டும். எண்களை எளிமையாக வைத்துக்கொள்வோம்:

மேல் மட்டம் மாறும் வேகம் = −1 × மேல் மட்டம் + பம்ப்
கீழ் மட்டம் மாறும் வேகம் = 1 × மேல் மட்டம் − 2 × கீழ் மட்டம்

மட்டம் என்பது இங்கே 10 சென்டிமீட்டரிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. நேரத்துக்கு நிமிடம், நொடி என்று எதுவும் வைக்காமல் ஒரு அலகு என்றே வைத்துக்கொள்ளலாம்.

படி 3: மேட்ரிக்ஸ் என்ற அணி

இந்த இரண்டு வரியின் எண்களை மட்டும் எடுத்து எழுதினால் ஏ மேட்ரிக்ஸ்: முதல் வரி −1, 0, இரண்டாம் வரி 1, −2. அந்த 0 எதைச் சொல்கிறது என்று கேளுங்கள். கீழ் வாளி மேல் வாளியை ஒன்றும் செய்யாது என்பதைச் சொல்கிறது. தண்ணீர் மேலே ஏறாது. மேட்ரிக்ஸில் ஒவ்வொரு எண்ணையும் இப்படிச் சுட்டிக்காட்டி, "இது எந்தக் குழாய்?" என்று கேட்கிற பழக்கம் செமஸ்டர் முழுக்கத் தொடர வேண்டும்.

இங்கே மொழியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அரூர், பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வருகிற பிள்ளைகள் நம் வகுப்பில் ஏராளம். ஒருமுறை ரேங்க் பற்றி முக்கால் மணி நேரம் பேசி முடித்தேன். வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வராந்தாவில் நிறுத்தி, "சார், நீங்க ரேங்க் ரேங்க்னு சொன்னீங்களே, அது அணியோட தரம்தானே?" என்று கேட்டாள். "ஆமாம்மா." "அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். பன்னிரண்டாவதில் முதல் பாடமே அதுதான்."

அன்றிலிருந்து பலகையின் ஓரத்தில் ஒரு பட்டியல் நிரந்தரமாக இருக்கிறது: மேட்ரிக்ஸ் அணி, டிடர்மினன்ட் அணிக்கோவை, ரேங்க் தரம், இன்வர்ஸ் நேர்மாறு, டெரிவேட்டிவ் வகைக்கெழு. தெரிந்த விஷயத்தைத் தெரியாத பெயரில் கேட்டுப் பயந்துபோகிற பிள்ளைகளுக்கு இந்த ஐந்து சொற்களே பாதிக் கஷ்டத்தைப் போக்கிவிடும். தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், அதனால் இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 4: கட்டுப்படுத்த முடியுமா

பாடத்தின் இதயம் இதுதான். ருடால்ஃப் கால்மன் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேட்ட கேள்வி: என்னிடம் உள்ள உள்ளீட்டை வைத்துக்கொண்டு, இந்த அமைப்பை நான் நினைக்கும் எந்த நிலைக்கும் கொண்டுபோக முடியுமா? கன்ட்ரோலர் வடிவமைக்கிற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வாளிகளை அடுக்கிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே பம்ப், டீ ஜாயின்ட் வழியாக இரண்டுக்கும் சமமாகத் தண்ணீர். இரண்டு குழாயும் ஒரே அளவு திறப்பு. காலி வாளியில் தொடங்கி, "இடது வாளியில் 15, வலது வாளியில் 10 காட்டுங்கள். ஒரே ஒரு நொடி காட்டினால் போதும். பம்பை மட்டும்தான் தொடலாம்" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

பத்து நிமிடம் போராடுவார்கள். பம்பைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள், அணைத்து அணைத்துப் போடுவார்கள். கடைசியில் யாராவது ஒருவர் சொல்வார்: "என்ன செஞ்சாலும் ரெண்டும் ஜோடியாவே ஏறுது சார், ஜோடியாவே இறங்குது." அந்த வாக்கியத்தை அப்படியே பலகையில் எழுதுங்கள். அதற்கடுத்த வரியில் கணக்கு. ஏ அணியின் மூலைவிட்டத்தில் −1, −1. பம்ப் எந்த வாளிக்கு எவ்வளவு ஊற்றுகிறது என்று சொல்லும் பி என்பது 1, 1. பி-யையும் ஏ பெருக்கல் பி-யையும் நிரல்களாக வைத்தால் (1, 1), (−1, −1). அணிக்கோவை சுழியம், தரம் 1, அதாவது தனித்தனியாக நகர்த்தக்கூடிய திசை ஒன்றுதான். வாளி இரண்டு இருந்தாலும் நம் பிடியில் இருப்பது ஒன்றுதான், இரண்டின் கூட்டுத்தொகை. வித்தியாசம் நம் கைக்கு அப்பால்.

இப்போது வலது குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிடுங்கள். ஏ-யில் −1, −2 என்று ஆகிறது. நிரல்கள் (1, 1), (−1, −2). அணிக்கோவை −1, தரம் 2. கணக்குப்படி இப்போது முடிய வேண்டும். முடிகிறதா? காலி வாளியிலிருந்து பம்பை 22.5 என்ற அளவில் மாறாமல் ஓடவிட்டால், 1.1 அலகு நேரத்தில் இடது வாளி 15, வலது வாளி 10. இது லீனியர் மாடலின் கணக்கு. உண்மை வாளியில் எண் கொஞ்சம் தள்ளிப்போகும், ஆனால் 15-க்கு 10 என்ற காட்சி ஒரு கணம் வந்தே தீரும். குழாயை அரைத் திருப்பு திருப்பியதில் முடியாதது முடிந்தது என்பதைப் பார்த்த வகுப்பு தரம் என்ற சொல்லை மறக்காது.

கூடவே இரண்டு எச்சரிக்கை சொல்லுங்கள், பாடப்புத்தகங்கள் இவற்றைப் போகிற போக்கில் தாண்டிவிடும். ஒன்று, அந்த 15-10 நிற்காது. பம்பை அப்படியே விட்டால் மட்டங்கள் 22.5-க்கும் 11.25-க்கும் போய்விடும். கட்டுப்படுத்தலாம் என்றால் அங்கே போய்ச் சேரலாம் என்றுதான் பொருள், அங்கேயே உட்காரலாம் என்று அல்ல. இரண்டு, கணிதம் பம்பைக் கேட்பதில்லை. அது எதிர்மறை உள்ளீட்டையும் கேட்கும், நம் பம்ப் ஊற்றும், உறிஞ்சாது. இரண்டு குழாய்களும் 1, 1.05 என்று மயிரிழை வித்தியாசத்தில் இருந்தால் தரம் 2 என்றுதான் வரும், ஆனால் செய்துபார்த்தால் பொழுது போய்விடும். தரம் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். எவ்வளவு கஷ்டம் என்று சொல்லாது.

படி 5: பார்க்க முடியுமா

இதற்கு வாளி வேண்டாம், நம் ஆறே போதும். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, அங்கிருந்து கிருஷ்ணகிரி அணை, அதற்கும் கீழே சாத்தனூர் என்று போகிறது. 44.28 அடி, 52 அடி, 119 அடி என்று மூன்று அணைகளின் முழு உயரத்தையும் மழைக்காலச் செய்தியில் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். மூன்று அணை, மூன்று ஸ்டேட்.

கேள்வி: ஒரே ஒரு அணையில்தான் மட்டம் அளக்கலாம் என்றால் எந்த அணையில் அளப்பீர்கள்? பெரும்பாலும் "மேலே, கெலவரப்பள்ளியில்" என்பார்கள். தண்ணீர் அங்கிருந்துதானே வருகிறது என்பது அவர்கள் காரணம். ஆனால் கெலவரப்பள்ளி அளவுகோலைப் பார்த்துச் சாத்தனூரில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது; கீழே உள்ள தண்ணீர் மேலே எந்தத் தடயமும் விடுவதில்லை. சாத்தனூரில் உட்கார்ந்து மட்டம் எந்த வேகத்தில் ஏறுகிறது, அந்த வேகம் எப்படி மாறுகிறது என்று தொடர்ந்து பார்த்தால்தான் மேலே உள்ளவற்றைக் கணிக்கலாம். ஷட்டருக்கு இது தலைகீழ். கெலவரப்பள்ளி ஷட்டரைத் திறந்தால் மூன்று அணையிலும் மாற்றம் தெரியும், சாத்தனூர் ஷட்டரைத் திறந்தால் கிருஷ்ணகிரிக்கு ஒன்றும் ஆகாது. கன்ட்ரோலபிலிட்டியும் (கட்டுப்படுத்த முடிவது) அப்சர்வபிலிட்டியும் (பார்க்க முடிவது) ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் என்பதை, டிரான்ஸ்போஸ் (வரிகளை நிரல்களாக்குவது) போட்டு நிறுவுவதற்கு முன்னால் ஆறே காட்டிவிடுகிறது.

உண்மை ஆறு இவ்வளவு சாது இல்லை. அணைக்கு அணை தண்ணீர் வந்துசேர நேரம் பிடிக்கும். நடுவில் பெய்யும் மழை எந்த அளவுகோலிலும் வராத குறுக்கீடு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதைப் பிள்ளைகளே ஞாபகப்படுத்துவார்கள். "அதை எந்த மேட்ரிக்ஸில் போடுவது சார்?" என்ற கேள்வி வந்தால், கால்மன் ஃபில்டருக்கு (மாடலையும் அளவீட்டையும் எவ்வளவு நம்புவது என்று கணக்கிடும் முறை) விதை விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

கணக்கு இரண்டு வரிதான். அடுக்கிய வாளிகளில் கீழ் மட்டத்தை அளந்தால், எதை அளக்கிறோம் என்று சொல்லும் சி என்பது 0, 1, சி பெருக்கல் ஏ என்பது 1, −2, தரம் 2. மேல் மட்டத்தை அளந்தால் சி என்பது 1, 0, சி பெருக்கல் ஏ என்பது −1, 0, தரம் 1. முடிந்தது.

படி 6: ஒட்டடைக் குச்சி

போல் என்பது விலகல் எவ்வளவு வேகமாக வளரும் அல்லது தணியும் என்று சொல்லும் எண். அதை வேண்டிய இடத்தில் வைக்கிற போல் பிளேஸ்மென்ட்டுக்கு ஒரு நீளமான ஒட்டடைக் குச்சியும் ஒரு பென்சிலும் கொண்டுபோங்கள். உள்ளங்கையில் குச்சியை நிறுத்தச் சொல்லுங்கள், பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள். பென்சிலை யாராலும் முடியாது. ஏன்?

சாய்வு இரண்டு மடங்காக எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில் விடை இருக்கிறது. ஒன்றரை மீட்டர் குச்சியின் நிலையற்ற போல் 3.1-க்கு அருகில், சாய்வு இரட்டிப்பாக 0.22 நொடி. 15 சென்டிமீட்டர் பென்சிலுக்கு போல் ஏறக்குறைய 9.9, இரட்டிப்பாக 0.07 நொடிதான். கண் பார்த்துக் கை அசைய 0.2 நொடி ஆகிவிடுமே! பென்சில் விழுந்த பிறகுதான் நமக்குச் சேதியே வருகிறது. குச்சியைத் தலைகீழாக, துடைப்பம் மேலே இருக்கும்படி பிடித்தால் இன்னும் சுலபம் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

கணக்குக்கு எண்ணை முழுசாக்கிக்கொள்வோம்: சாய்வின் முடுக்கம் = 9 × சாய்வு + யூ. ஸ்டேட் இரண்டு, சாய்வும் சாயும் வேகமும். கை செய்யும் வேலை: யூ = −கே1 × சாய்வு − கே2 × சாயும் வேகம். சேர்த்தால் வரும் சமன்பாடு (இதைத் தீர்த்தால் வரும் எஸ்தான் போல்):

எஸ்² + கே2 எஸ் + (கே1 − 9) = 0

நேராக எண் போடாமல் இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். கே1 9-ஐத் தாண்டாவிட்டால் என்ன? புவியீர்ப்பு ஜெயித்துவிடும், குச்சி விழும். கே2 சுழியம் என்றால்? விழாது, ஆனால் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். வேகத்தைப் பார்க்காமல் இடத்தை மட்டும் பார்த்துத் துரத்துகிற கையின் கதி அது. இப்போது போல்களை −2, −3-இல் வைக்கச் சொல்லுங்கள். கே2 = 5, கே1 = 15. இரண்டு நிமிட வேலை. கெயினை நேராகத் தரும் அக்கர்மன் சூத்திரம் எல்லாம் மூன்று ஸ்டேட் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உடனே ஒரு புத்திசாலி கேட்பான்: "−20, −30-இல் வெச்சா இன்னும் வேகமா நிக்கும்ல சார்?" நிற்கும். கே1 609, கே2 50 ஆகும். குச்சி 5 டிகிரி சாய்ந்தால் முதல் வடிவமைப்பில் கை தர வேண்டிய முடுக்கம் ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 1.4 மீட்டர். இரண்டாவதில் 58 மீட்டர், புவியீர்ப்பைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு. "உன் கையைக் காட்டுப்பா" என்று சொன்னால் போதும், வகுப்பு சிரித்துவிடும். போலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற தேற்றமும், எங்கே வேண்டுமானாலும் வைக்கக் கூடாது என்ற அனுபவமும் ஒரே மணி நேரத்தில் கிடைத்துவிடும்.

படி 7: தொப்பூர்

ஸ்டேட் ஃபீட்பேக் (ஸ்டேட்டைப் பார்த்து உள்ளீட்டை முடிவு செய்வது) குறுக்கீட்டை முழுசாக விரட்டாது என்பதைச் சொல்ல, தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரியைப் போல நமக்கு நெருக்கமான உதாரணம் கிடையாது. வேக விலகல் மாறும் வீதம் = −0.1 × விலகல் + யூ + சரிவு. நூற்றுக்கு 5 சரிவு என்றால் அது தரும் முடுக்கம் 0.49. யூ = −0.9 × விலகல் என்று வைத்தால், லாரி வேண்டிய வேகத்தைவிட நொடிக்கு 0.49 மீட்டர், அதாவது மணிக்கு 1.8 கிலோமீட்டர் கூடுதலாகவே போய்க்கொண்டிருக்கும். கெயினை, அதாவது அந்த 0.9-ஐ, ஏற்றினால் விலகல் குறையும், மறையாது. மறைய வேண்டுமென்றால் விலகலைக் கூட்டிக்கொண்டே வரும் இன்னொரு ஸ்டேட் வேண்டும். லெவல் கன்ட்ரோலரின் நினைவு என்று முதல் நாள் பேசியது இங்கே வந்து நிற்கிறது.

பிரேக் சூடேறிப் பிடிமானம் போனால் என்ன? இன்டெக்ரல் கூட்டிக்கொண்டே போகும், லாரி கேட்காது. இதுதான் விண்ட்அப். அதனால்தான் பழகின டிரைவர்கள் இறக்கத்தின் தலைப்பிலேயே கியரைக் குறைத்துவிடுகிறார்கள், பிரேக்கை மட்டும் நம்புவதில்லை.

படி 8: சாக்கு மூடிய வாளி

அடுக்கிய வாளிகளில் மேல் வாளியின் டியூபை ஒரு சாக்கால் மூடிவிடுங்கள். கீழ் மட்டத்தை மட்டும் பார்த்து மேல் மட்டத்தைச் சொல்ல வேண்டும். லுயன்பெர்கர் 1964-இல் வெளியிட்ட அப்சர்வர் இதைத்தான் செய்கிறது.

சூத்திரத்துக்கு முன்னால், வீட்டில் அம்மா செய்வதைக் கேளுங்கள். "மோட்டார் போட்டு நாற்பது நிமிஷம் ஆச்சு, தொட்டி நிறைஞ்சிருக்கும்" என்பது மாடல். மாடியில் தண்ணீர் வழிகிற சத்தம் அளவீடு. நாற்பது நிமிடத்துக்கு முன்பே சத்தம் வந்தால் அடுத்த நாள் கணக்கைத் திருத்திக்கொள்கிறார். மாடலை ஓட்டு, அளவீட்டோடு ஒப்பிடு, வித்தியாசத்தில் ஒரு பங்கைத் திருத்தமாகச் சேர். அவ்வளவுதான்.

எல் என்ற அந்தப் பங்குகளைக் கையால் போடலாம். அப்சர்வர் போல்கள் −4, −5 வேண்டுமென்றால் எஸ்² + (3 + எல்2) எஸ் + (2 + எல்1 + எல்2) என்பதை எஸ்² + 9 எஸ் + 20-உடன் ஒப்பிட்டால் எல்2 = 6, எல்1 = 12. பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு கணினியில் அப்சர்வரை ஓட்டட்டும், மற்றது மனக்கணக்கில் சொல்லட்டும். பிறகு சாக்கைத் தூக்குங்கள். என் வகுப்பில் இந்த ஒரு நாள் மட்டும் மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

அளவீட்டுக்கு அல்ட்ராசோனிக் சென்சர் வைத்தால் கூடவே ஒரு பாடம் இலவசம். குறுகிய வாளிக்குள் எதிரொலி பக்கச் சுவரில் பட்டுத் திரும்பும், பம்ப் ஊற்றும் இடத்தில் தண்ணீர் குதிக்கும், எண் தாவிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் நான் அந்த எண்ணை நேராக ரிலேவுக்குக் கொடுத்துவிட்டேன். ரிலே கிரிக்கெட் பூச்சி மாதிரி கத்தித் தீர்த்துச் செத்தது. யாரை எவ்வளவு நம்புவது என்ற கேள்வி அப்போதுதான் உறைக்கும். மாடல் 60 மில்லிமீட்டர் என்கிறது, அதன் மாறுபாடு (எவ்வளவு தப்பிப்போகலாம் என்பதன் அளவு) 16. சென்சர் 66 என்கிறது, அதன் மாறுபாடு 4. கெயின் 16-ஐ 20-ஆல் வகுத்தால் 0.8. விடை 60 + 0.8 × 6 = 64.8. புதிய மாறுபாடு 3.2, இரண்டு பேரையும்விடக் குறைவு. கால்மன் ஃபில்டரின் சாரம் இந்த நான்கு வரியில் இருக்கிறது. ஒரு ஸ்டேட்டுக்குக் கையால் மூன்று சுற்று போட வைத்த பிறகே அணி வடிவத்தைக் காட்டுங்கள்.

"இதெல்லாம் எங்கே சார் வேலைக்கு ஆகும், கம்பெனியில் எல்லாமே பிஐடிதானே?" என்ற கேள்வி ஓசூருக்கு இன்டர்ன்ஷிப் போய்விட்டு வந்த பிள்ளைகளிடமிருந்து கட்டாயம் வரும். பிஐடி என்பது விலகலையும், அதன் கூட்டுத்தொகையையும், அது மாறும் வேகத்தையும் பார்த்து இயங்கும் கன்ட்ரோலர். அவர்கள் சொல்வது பாதி உண்மை. மாம்பழக்கூழ் ஆலையில் சூடேற்றும் இடத்தில் பிஐடியே போதுமானதாக இருக்கும். ஆனால் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர் தயாராகிறது. பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று நேராக அளக்கும் கருவி கிடையாது. வோல்டேஜ், கரண்ட், வெப்பம் மூன்றையும் வைத்துக் கணிக்கிறார்கள், அதற்குப் பயன்படும் முறைகளில் ஒன்று கால்மன் ஃபில்டரின் ஒரு வகை. சாக்கு மூடிய வாளிதான் பேட்டரி. இதைச் சொன்னால் அந்தக் கேள்வி திரும்ப வராது.

படி 9: எல்கியூஆர்

இதற்கு அதிகம் நேரம் செலவிட வேண்டாம். போலை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழிப்பதற்குப் பதில், விலகலுக்கு எவ்வளவு அபராதம், உள்ளீட்டுக்கு எவ்வளவு அபராதம் என்று சொல்லிவிட்டால் கெயினைக் கணிதமே தரும். உள்ளீட்டு அபராதமான ஆர்-ஐ 1, 10, 100 என்று மாற்றி ஆக்டேவ் என்ற கணக்கு மென்பொருளில் ஓட்டி, பம்ப் எவ்வளவு மெதுவாக நடந்துகொள்கிறது என்று வரைபடம் போடச் சொல்லுங்கள். அந்தக் கெயினைத் தரும் ரிக்காட்டி சமன்பாட்டை ஒரு ஸ்டேட்டுக்கு மட்டும் கையால் தீர்த்தால் போதும்.

ஆக்டேவ், சைலேப் இரண்டும் இலவசம், பழைய ஆய்வகக் கணினியிலும் ஓடும். ஆனால் கையால் இரண்டு ஸ்டேட் போட்டுக் காட்டாத பிள்ளைக்குக் கட்டளையைக் கொடுக்காதீர்கள் என்பது என் பிடிவாதம். சக ஆசிரியர்கள் சிலர் இதில் என்னோடு ஒத்துப்போவதில்லை.

தேர்வும் மதிப்பெண்ணும்

அண்ணா பல்கலைக்கழக வினாத்தாளில் 13 மதிப்பெண், 15 மதிப்பெண் கேள்விகளுக்கு மேட்ரிக்ஸ் கணக்கு வந்தே தீரும். அதற்குப் பயிற்சி கொடுக்காமல் விட்டால் பிள்ளைகள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது. கடைசி மூன்று வாரம் முழுக்கப் பழைய வினாத்தாள்தான். ஒரே ஒரு கூடுதல் விதி: ஒவ்வொரு கணக்கின் கடைசியிலும், வந்த விடையை வாளியில் வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். "தரம் 1, அதனால் இரண்டு மட்டத்தின் வித்தியாசத்தைப் பம்பால் மாற்ற முடியாது" என்பது போல. உள்தேர்வில் அந்த வாக்கியத்துக்கு 2 மதிப்பெண் வைத்திருக்கிறேன். கணக்கில் கூட்டல் பிழை விட்டவர்கள்கூட அந்த வாக்கியத்தை எழுதும்போது, விடை பொருந்தவில்லையே என்று திரும்பிப் போய்த் திருத்திவிடுவதுண்டு.

கடைசியாக ஆய்வக உதவியாளருக்காக ஒன்று. வகுப்பு முடிந்ததும் வாளிகளை முழுசாக வடித்து, கவிழ்த்து வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மழை மாதத்தில் தண்ணீர் தேங்கிய வாளியைக் கண்டால் கொசு ஒழிப்புக்கு வருகிறவர்கள் அபராதம் போடுவார்கள். அது அப்சர்வர் பரிசோதனை என்று விளக்கிப் பார்த்தேன், ஒத்துக்கொள்ளவில்லை.